பள்ளிக்குள் கடை விரிப்பது யார்?



இன்றைய பேச்சின் பொருள் ஒரு கேள்வி. பிள்ளைகளின் உடற்பருமனைத் தடுக்கப் பள்ளிக்கூடங்கள் நொறுக்குத்தீனிக்குக் கட்டுப்பாடு விதிக்கலாமா? விதிக்க வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் பதில். அதைக் கடைசிவரை மூடி வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கட்டுப்பாடு யாருக்கு? வாங்கித் தின்னும் பிள்ளைக்கா, விற்கிறவருக்கா? பல நாடுகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தன. சில நாடுகள் எழுந்து நடந்தன. அந்தக் கதைகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் நிலைமையைப் பார்த்துவிடுவோம். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்து மகிழ்கிற ஊர் நம்முடையது. பஞ்சம் பார்த்த தலைமுறைகளுக்கு, சதை பிடித்த பிள்ளை என்றால் பசி அறியாத பிள்ளை. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கணக்கு மாறிவிட்டது. யுனிசெஃப் அமைப்பு 2025 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். உடற்பருமன் உள்ளவர்கள் 3 சதவீதம். கால் நூற்றாண்டு கழித்து எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதமாக இறங்கினார்கள். உடற்பருமன் உள்ளவர்களோ 9.4 சதவீதமாக ஏறினார்கள். முதல் முறையாக இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தாண்டிவிட்டன.

நம் நாட்டில் கதை இன்னும் சிக்கலானது. இந்திய அரசு 2016 முதல் 2018 வரை பிள்ளைகளின் ஊட்டச்சத்து குறித்து நாடு தழுவிய பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 5 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள் என்று அது சொன்னது. 5 சதவீதம்தானே என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அதே வயதினரில் பத்தில் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய நிலையைத் தொட்டிருந்தது. வளரிளம் பருவத்தினரின் அதிக எடையில் நாட்டின் முன்வரிசையில் நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெரியவர்களைப் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடற்பருமன். இன்று வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள் நாளை அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரப் போகிறார்கள்.

ஆக, ஒரே வகுப்பில் ஒரு பெஞ்சில் மெலிந்த பிள்ளை, அடுத்த பெஞ்சில் எடை கூடிய பிள்ளை. இடைவேளை மணி அடித்ததும் இருவர் கையிலும் அதே ஐந்து ரூபாய் பாக்கெட்.

அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 2000 கலோரி போதும். 50 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் சுமார் 270 கலோரி. கூடவே 300 மில்லி கோலா ஒன்று என்றால் அதில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 சதவீதம் என்றால் அந்தப் பிள்ளைக்கு 25 கிராம். ஒரே பாட்டிலில் நாள் கணக்கு தீர்ந்துவிடுகிறது. சிப்ஸும் கோலாவும் சேர்ந்து ஏறக்குறைய 400 கலோரி. ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு, பத்து நிமிட இடைவேளைக்குள் உள்ளே போய்விடுகிறது. எடை கூடிய பிள்ளைக்கு அது மேலும் எடை. மெலிந்த பிள்ளைக்கோ அது பசியை அடைத்துவிடுகிறது. அம்மா கட்டிக் கொடுத்த சாதம் டப்பாவில் பாதியோடு வீடு திரும்புகிறது. உடற்பருமனுக்கான கட்டுப்பாடு குண்டுப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த டப்பாவைத் திறந்து பார்க்கட்டும்.

இப்போது கடல் தாண்டிப் போவோம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு நகரம். 1990களில் அங்குள்ள பள்ளி நிர்வாகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. 1997இல் அது கோக்ககோலா நிறுவனத்தோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. பள்ளிகளுக்குள் அந்த நிறுவனத்தின் பானங்கள் மட்டுமே விற்கலாம். அதற்குக் கைமாறாகப் பள்ளிகளுக்கு மொத்தம் 80 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டிலாவது 70,000 பெட்டி விற்றாக வேண்டும் என்ற இலக்கும் அதில் இருந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1998இல் பள்ளி நிர்வாகத்தின் அதிகாரி ஒருவர் தலைமையாசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குளிர்பான இயந்திரங்களை மாணவர்கள் நாள் முழுவதும் எட்டக்கூடிய இடத்தில் வையுங்கள், வகுப்பறைக்குள்ளும் குடிக்க அனுமதிப்பது பற்றி யோசியுங்கள் என்பது அதன் சாரம்.

நினைத்துப் பாருங்கள். எழுதியவர் கோலா கம்பெனியின் விற்பனை மேலாளர் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பான கல்வி அதிகாரி.

அதே 1998இல், ஜார்ஜியா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 'கோக் நாள்' கொண்டாடினார்கள். அந்த நிறுவனம் அறிவித்திருந்த 500 டாலர் பரிசுக்காக அந்தக் கொண்டாட்டம். மாணவர்கள் வரிசையாக நின்று கோக் என்ற சொல்லின் எழுத்துகளாக அணிவகுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாணவர் மட்டும் போட்டி நிறுவனமான பெப்ஸியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பள்ளி அவரை இடைநீக்கம் செய்தது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்தது, மக்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, பள்ளிக்கூடம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'பிள்ளை என்ன தின்ன வேண்டும் என்று பள்ளிக்கூடம் ஏன் முடிவு செய்ய வேண்டும்? அது பெற்றோரின் உரிமை இல்லையா?' நியாயமான கேள்வி. ஆனால் கொலராடோ சொல்லும் பதிலைக் கேளுங்கள். பள்ளி முடிவு செய்யாமல் விட்டபோது, அந்த முடிவு பெற்றோரின் கைக்குப் போகவில்லை. இயந்திரத்தை எந்த நடைவழியில் வைப்பது என்று கணக்குப் போட்டவரின் கைக்குத்தான் போனது. பெற்றோர் இல்லாத ஏழெட்டு மணி நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் யாராவது ஒருவர் நிற்கத்தான் போகிறார். அது ஆசிரியராக இருக்கட்டும் என்றுதான் கட்டுப்பாடு கேட்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அமெரிக்கா அந்தப் பாடத்தைப் படிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2010 டிசம்பரில் அதிபர் ஒபாமா பள்ளி உணவுச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். மதிய உணவின் தரம் உயர்ந்தது. 2014இல் தொடங்கிய கல்வியாண்டு முதல், கேன்டீனிலும் இயந்திரத்திலும் விற்கும் தின்பண்டங்களுக்கும் அளவு வந்தது. ஒரு பண்டம் 200 கலோரியைத் தாண்டக் கூடாது. எடையில் 35 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. உப்புக்கு, கொழுப்புக்கு எல்லாம் எண் உண்டு.

பலன் என்ன? 2020இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை நேர்மையாகச் சொல்கிறது: எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் உடற்பருமனில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. ஆனால் வறுமையில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியே பார்த்தபோது படம் மாறியது. சட்டம் வராமல் போயிருந்தால் 2018இல் அந்தப் பிள்ளைகளிடையே உடற்பருமன் 47 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்பெட்டியில் பழம் இருக்கிறது. ஏழைப் பிள்ளை ஒரு நாளில் சாப்பிடுவதில் பெரும்பகுதி பள்ளியில்தான். கட்டுப்பாடு யாருக்கு அதிகம் உதவுகிறது என்று கேட்டால், தேர்ந்தெடுக்க வழியே இல்லாத பிள்ளைக்கு என்பதுதான் பதில். 'ஏழைப் பிள்ளையின் ஐந்து ரூபாய் ஆசையைப் பறிக்கலாமா?' என்று உருகிப் பேசுபவர்கள் இந்த எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இனி, தடுக்கி விழுந்த கதைகள். அவற்றையும் மறைக்காமல் பேசியாக வேண்டும்.

அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் பள்ளியில் கோலாவுக்கு மட்டும் தடை போட்டன. 2012இல் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே செய்த ஆய்வு வெளிவந்தது. அந்த மாநிலங்களில் பிள்ளைகள் கோலாவை விட்டுவிட்டுப் பழ ருசிப் பானத்துக்கும் விளையாட்டு வீரர் பானத்துக்கும் போயிருந்தார்கள். அன்றாடம் அவர்கள் குடித்த இனிப்புப் பானத்தின் மொத்தக் கணக்கு குறையவே இல்லை. சர்க்கரையைத் தடுக்காமல் ஒரு பெயரைத் தடுத்தார்கள். சர்க்கரை வேறு பெயரில் உள்ளே வந்தது.

பள்ளிக்குள் இல்லாவிட்டால் வெளியே இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா நகரில் பள்ளி போகும் வழியில் இருக்கும் தெருமுனைக் கடைகளில் நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன வாங்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கடை வாசலிலேயே நின்று கேட்டார்கள். 2009இல் அது வெளியானது. ஒரு பிள்ளை ஒரு முறைக்குச் செலவழித்தது ஒரு டாலருக்குச் சற்று மேல். அந்தக் காசுக்குக் கிடைத்தது 350 கலோரிக்கும் மேல். அதில் பெரும்பாலும் சிப்ஸ், மிட்டாய், சர்க்கரைப் பானம். நம்மூர் பள்ளிக்கூடத் தெருவைப் பார்த்த யாருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

இன்னும் ஓர் ஆய்வு. இதைச் சற்று நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்களின் வலுவான ஆயுதம் இதுதான். ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதை வெளியிட்டார்கள். மழலைப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தின்பண்டத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதே போன்ற இன்னொன்று கண்ணுக்குத் தெரியும்படி ஜாடியில் இருக்கிறது; அதைக் குறிப்பிட்ட சில நிமிடங்களில் மட்டுமே தொடலாம். என்ன ஆயிற்று? பிள்ளைகளின் பேச்செல்லாம் அந்த ஜாடியைப் பற்றி. ஆசையெல்லாம் அதன் மேல். தடுக்கத் தடுக்க ஆசை வளர்ந்தது.

'பார்த்தீர்களா, தடை போட்டால் ஆசை கூடுகிறது' என்கிறார்கள். ஆம், கூடுகிறது. ஆனால் ஜாடி எங்கே இருந்தது? மேசை நடுவில், பிள்ளையின் கண்ணுக்கு முன்னால். கேன்டீனில் சிப்ஸ் சரத்தைத் தோரணம் கட்டிவிட்டு, 'இதைத் தொடாதே, உடம்புக்கு ஆகாது' என்று வகுப்பில் பாடம் நடத்தினால் பிள்ளையின் மனம் தோரணத்தில்தான் தொங்கும். அந்த ஆய்வு கட்டுப்பாட்டை மறுக்கிறது என்பதைவிட, எந்த மாதிரிக் கட்டுப்பாடு தோற்கும் என்று சொல்கிறது என்பதே பொருத்தம். ஜாடியை வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைத் தட்டக் கூடாது. ஜாடியையே எடுத்துவிட வேண்டும். கட்டுப்பாடு விற்கிறவருக்குத்தான் வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னொரு பாடம். 2005இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பள்ளி மதிய உணவு பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் நடத்தினார். எண்ணெயில் பொரித்த மலிவான இறைச்சிச் சுருள்களைப் பள்ளிகள் பரிமாறுவதைப் பார்த்து நாடே கொதித்தது. அரசு தர விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் 2006இல் ரோதரம் பக்கத்தில் ராமார்ஷ் என்ற ஊரில், சில தாய்மார்கள் பள்ளியின் கம்பி வேலி வழியாகப் பிள்ளைகளுக்கு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. அந்தத் தாய்மார்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். கேலி செய்வது தவறு. புதிய உணவு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, பசியோடு இருக்கிறது என்று ஒரு தாய் நம்பினால், அவள் வேலியைத் தாண்டத்தான் செய்வாள். ஆலிவரின் திட்டம் முதலில் நடந்த லண்டனின் கிரீனிச் பகுதியில் பின்னர் ஆய்வு செய்தபோது, அனுமதி பெற்று எடுக்கும் விடுப்பு, அதாவது பெரும்பாலும் உடல்நலக் குறைவால் வரும் விடுப்பு, 14 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. பலன் இருந்தது. அதைத் தாய்மார்களை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து சிலி. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் நீண்ட நாடு. அங்கே முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதிக எடையோடு வந்தார்கள். குழந்தை மருத்துவரும் செனட்டருமான கிதோ ஜிரார்தி என்பவர் ஆண்டுக்கணக்கில் போராடி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். 2012இல் நிறைவேறிய அது 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி இவற்றில் எது அளவைத் தாண்டினாலும் பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. இரண்டு தாண்டினால் இரண்டு முத்திரை. முத்திரை விழுந்த எதையும் பள்ளிக்குள் விற்கக் கூடாது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. பெட்டியில் பொம்மைப் படம் போடக் கூடாது. காலை உணவுச் சீரியல் பெட்டியில் சிரிக்கும், உலகம் முழுவதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த அந்தப் பொம்மைப் புலி, சிலி நாட்டுப் பெட்டியிலிருந்து இறங்கிப் போனது. உள்ளே பொம்மை வைத்து விற்கும் சாக்லேட் முட்டையும் கடைகளிலிருந்து மறைந்தது.

இந்தச் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது? எண்ணில். திட உணவு என்றால் 100 கிராமுக்கு 275 கலோரி, 10 கிராம் சர்க்கரை, 400 மில்லிகிராம் சோடியம், 4 கிராம் நிறைகொழுப்பு. பானம் என்றால் 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை. முதலில் கொஞ்சம் தளர்வாகத் தொடங்கி, 2019இல் இந்த எல்லைக்கு வந்தார்கள். கேன்டீன்காரர் தலையைச் சொறிய வேண்டாம், ஆசிரியர் வாதம் செய்ய வேண்டாம். முத்திரை இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

சட்டம் வந்த பிறகு, முத்திரை பெறும் அளவுக்குச் சர்க்கரை இருந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. பல நிறுவனங்கள் முத்திரைக்குப் பயந்து சர்க்கரையையும் உப்பையும் தாங்களே குறைத்துக்கொண்டன. உடற்பருமன் அதோடு மறைந்துவிட்டதா? இல்லை. இவ்வளவு பெரிய நோய் ஒரு சட்டத்தில் போய்விடாது. ஆனாலும் மற்ற நாடுகள் சிலியைப் பார்த்துக்கொண்டே இருந்தன. மெக்சிகோ 2025 மார்ச் இறுதியில் தன் பள்ளிகள் அனைத்திலும் இத்தகைய பண்டங்களின் விற்பனையைத் தடை செய்தது. அங்கே இன்னொரு விதியும் உண்டு: பள்ளியில் பிள்ளைகளுக்குக் குடிநீர் இருந்தாக வேண்டும். சின்ன விதிதான், ஆனால் அனுபவசாலிகள் எழுதிய விதி. குழாயில் நல்ல தண்ணீர் வராத பள்ளியில் குளிர்பானத்தைத் தடுத்து என்ன பயன்? நம் பக்கத்துக் கேரளத்தில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கும் பழக்கம் 2019இல் பள்ளிகளில் பரவியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2010இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று தொடரப்பட்டது. பள்ளிகளிலும் பள்ளிகளைச் சுற்றியும் இத்தகைய உணவை விற்பதைத் தடுக்க வேண்டும் என்று அது கேட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 2015இல், வழிமுறைகளை வகுக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. இன்னும் ஐந்து ஆண்டு கழித்து, 2020 செப்டம்பரில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. வழக்கு போட்டபோது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, விதி வந்தபோது பதினோராம் வகுப்பில் இருந்தது.

விதி என்ன சொல்கிறது? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளிக் கேன்டீனிலோ விடுதிச் சமையலறையிலோ, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. பிள்ளைகளிடம் விளம்பரமும் செய்யக் கூடாது. நல்ல விதி. மனமார வரவேற்க வேண்டிய விதி.

ஆனால் மிகுந்த என்றால் எவ்வளவு? விதியில் எண் இல்லை. சத்து குறைந்து, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் நிறைந்து, அடிக்கடி தின்றால் கெடுதி செய்யும் உணவு என்ற விளக்கம்தான் இருக்கிறது. பப்ஸ் அதில் வருமா? க்ரீம் பிஸ்கட் வருமா? பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும். 50 மீட்டருக்கு அளவு நாடா போதும்; மிகுந்த என்பதற்கு எந்த நாடா? பொட்டலத்தின் முகப்பில் என்ன எச்சரிக்கை போடுவது என்பதிலும் இழுபறிதான். 2022இல் வந்த வரைவு நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. அதன்படி, சர்க்கரை நிறைந்த பண்டத்தில் கொஞ்சம் நார்ச்சத்தோ கொட்டையோ சேர்த்தால் ஒரு நட்சத்திரம் கூடிவிடும். எந்தப் பிள்ளையாவது நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்படுமா? நட்சத்திரம் ஆசிரியர் நோட்டில் போட்டுக் கொடுக்கும் பாராட்டு. கறுப்பு முத்திரைதான் வேண்டும் என்று மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் கேட்பது இதனால்தான்.

2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. குளிர்பானத்துக்கு 40 சதவீதம் போட்ட கை, இனிப்புப் பிஸ்கட்டைப் பிள்ளையின் ஐந்து ரூபாய்க்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளிவிட்டது.

இந்த அரங்கில் இருப்பவர்கள் தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க உரிமை இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது அரசின் பொறுப்பு என்று முதலில் சொன்ன ஊர்களில் ஒன்று சென்னை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் எடுத்துப் போனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ரவை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையிலேயே சூடான உணவு. நூறு ஆண்டு இந்த மாநிலம் பள்ளிக்குள் உணவைக் கொண்டுவந்தது. அந்தக் கைதான் கேட்கத் தகுதி உள்ள கை: 'நாங்கள் முட்டை கொடுக்கும் இடத்தின் வாசலில் நீங்கள் எதை விற்கிறீர்கள்?' வயிற்றில் காலை உணவோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இடைவேளையில் பாக்கெட் மேல் அவ்வளவு பசி இருக்காது. எதையாவது எடுக்கும்போது அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்றால், தமிழ்நாடு வைக்கும் வேலையை முதலில் செய்துவிட்டது. எடுக்கும் வேலைதான் பாக்கி.

இங்கே இரண்டு எச்சரிக்கை.

பாக்கெட் கெட்டது, பாரம்பரியம் நல்லது என்ற எளிய கோட்டில் நின்றுவிடக் கூடாது. முறுக்கும் மிச்சரும் தட்டையும் எண்ணெயில் பொரித்தவைதான், உப்புப் போட்டவைதான். பாட்டி சுட்டது என்பதால் கொழுப்பு குறைந்துவிடாது. அவித்த சுண்டல், வறுத்த வேர்க்கடலை, பொரி, நெல்லிக்காய், கொய்யா, வாழைப்பழம், அளவோடு கடலை மிட்டாய் என்று நல்ல பட்டியல் நம்மிடமே நீளமாக இருக்கிறது. எண் வந்துவிட்டால் முறுக்குக்கும் சிப்ஸுக்கும் ஒரே நியாயம்.

அடுத்தது வாசலில் கூடை வைத்திருக்கும் அம்மாவைப் பற்றியது. 50 மீட்டர் விதி என்றதும் முதலில் விரட்டப்படுவது அவர்தான். கம்பெனிச் சரம் தொங்கும் கடை அப்படியே இருக்கும். நெல்லிக்காயும் அவித்த கடலையும் விற்பவரின் கூடை தூக்கி எறியப்படும். அது அநியாயம் மட்டுமில்லை, விதியைத் தலைகீழாக வாசிப்பதும் ஆகும். விதி தடுப்பது பண்டத்தை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பும், அவர்கள் பங்கேற்கும் நகர விற்பனைக் குழுவும் தந்திருக்கிறது. பழமும் சுண்டலும் விற்பவர்களைப் பள்ளியே கூப்பிட்டு, சுத்தமான தண்ணீரும் நிழலும் கொடுத்து, வாசலில் உட்காரவைக்கலாம்.

'விளையாட்டு நேரத்தைக் கூட்டுங்கள், சாப்பாட்டை விடுங்கள்' என்பது இன்னொரு வாதம். விளையாட்டு கட்டாயம் வேண்டும்; கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் அந்த விளையாட்டுப் பாடவேளையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பத்து நிமிடத்தில் உள்ளே போன 400 கலோரியை ஒரு பாடவேளை ஓட்டம் வெளியே கொண்டுவந்துவிடாது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் காட்டுவது, பெரும்பாலும் விற்பவருக்கு வசதியான வாதம்.

ஆசிரியர்களிடம் கையெடுத்துக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையையும் எழுந்து நிற்கவைத்து, 'நீ இதைத் தின்னாதே' என்று சொல்லாதீர்கள். டப்பாவைத் திறந்து எல்லோர் முன்னாலும் காட்டாதீர்கள். எடை பார்த்து எண்ணை உரக்க வாசிக்காதீர்கள். குண்டு என்ற பட்டப்பெயர் பிள்ளையை மெலிய வைக்காது. மறைந்து தின்னவும் தன் உடம்பை வெறுக்கவும்தான் கற்றுக்கொடுக்கும். உடம்பில் எடை ஏறுவதற்குப் பரம்பரை, தூக்கம், சில மருந்துகள், வீட்டுச் சூழல் என்று எத்தனையோ காரணங்கள். கேன்டீன் மாறும்போது எல்லாப் பிள்ளைக்கும் சேர்ந்து மாறுகிறது. யாரையும் தனியே சுட்டத் தேவையே இல்லை. கட்டுப்பாடு பிள்ளை மேல் விழாமல் கடை மேல் விழ வேண்டும் என்று இந்தப் பேச்சு திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலும்தான்.

இனி என்ன செய்வது? அரசிடம் கேட்க வேண்டியது எண். 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழுப்பு என்ற எல்லையும், பொட்டலத்தின் முகப்பில் பிள்ளைக்கும் புரியும் எச்சரிக்கை முத்திரையும். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ராமார்ஷில் வேலிக்கு வெளியே நின்ற தாய்க்கு, நம் சட்டம் கூட்டத்துக்குள்ளே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் என்னென்ன விற்கிறார்கள் என்று அந்தக் குழு ஒரு நாள் நடந்து பார்த்துப் பட்டியல் எடுக்கலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அந்தப் பட்டியலை எழுத்தில் அனுப்பலாம்.

தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கட்டும்: கேன்டீன் ஒப்பந்தம். அதிக வாடகைக்குக் கேட்டவருக்கே கேன்டீன் என்றால், அந்த வாடகையை அவர் பிள்ளைகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அதிக லாபம் தரும் பண்டத்தைத்தான் முன்னால் அடுக்குவார். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்ற பட்டியல் அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் வரட்டும். வாடகைத் தொகை அதற்கு அடுத்த பக்கத்தில் வரட்டும். வரும் கல்வியாண்டுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே அதைக் கேளுங்கள்.